"வளர வளரச் சரியாயிடும்": குழந்தை நரம்பு உளவியல் பற்றிக் கேட்ட ஒரு தகப்பனாருக்கு

காரைக்குடியில் இருந்து ஓர் அண்ணன் கேட்டது இது: "மகள் எம்.எஸ்சி. சைக்காலஜி முடிக்கப் போகிறாள். பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச நாளிலோ மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும், குழந்தை நரம்பு உளவியலாளர் ஆக வேண்டும் என்கிறாள். டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை, இது என்ன வேலை? சின்னப் பிள்ளைகளுக்கு மூளையில் எது வந்தாலும் வளர வளரச் சரியாயிடும் என்கிறார்களே, அப்புறம் ஆராய என்ன இருக்கிறது? ஊரோடு இருந்து இதைச் செய்ய முடியுமா?"

அண்ணே, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மற்ற இரண்டும் பாதி விளங்கிவிடும். நான் தேவகோட்டைப் பக்கம் பிறந்தவள். பெங்களூரில் படித்து, அங்கேயே குழந்தைகள் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, இப்போது மதுரையில் இருந்துகொண்டு நம் ஊர்ப்பக்கம் வந்துபோகிறேன். உங்கள் மகள் ஆசைப்படும் வேலைதான் என் வேலையும்.

"வளர வளரச் சரியாயிடும்" என்பது காற்றில் வந்த பேச்சு இல்லை. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் என்ற ஆய்வாளர் குரங்குகளை வைத்துச் சோதித்தார். கை கால் அசைவைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் அடிபட்டால், வளர்ந்த குரங்கைவிடக் குட்டிக் குரங்கு நன்றாகத் தேறியது. அதிலிருந்து "இளம் மூளைக்கு ஆபத்து குறைவு" என்ற எண்ணம் மருத்துவ உலகத்திலேயே வேரூன்றிவிட்டது. அதில் உண்மையும் உண்டு. வயிற்றில் இருக்கும்போதோ பிறந்த சமயத்திலோ இடப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த குழந்தைகள் பெரும்பாலும் பேசக் கற்றுக்கொள்கிறார்கள். பெரியவர் ஒருவருக்கு அதே இடத்தில் வந்தால் பேச்சே நின்றுபோகலாம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டொனால்ட் ஹெப் 1942இலேயே இதற்கு நேர் எதிரான ஒன்றைச் சொன்னார். கற்றுக்கொள்வதற்கே தேவையான அடிப்படை உருவாகும் முன் அடிபட்டால், பின்னால் கற்க வேண்டியது எல்லாமே தடுமாறும் என்றார். மெல்போர்னில் விக்கி ஆண்டர்சன் குழுவினர் எந்த வயதில் மூளை பாதித்தது என்று பிரித்துப் பார்த்தபோது, 2 வயதுக்கு முன் பாதிப்பு வந்த குழந்தைகளே ஏறக்குறைய எல்லாத் திறனிலும் பின்தங்கியிருந்தார்கள். பேச்சு தேறிய குழந்தைக்கும் ஒரு விலை இருக்கிறது. வழக்கமாக இடப்பக்கத்தில் இருக்கும் பேச்சு வலப்பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளும்போது, அங்கே வளர வேண்டிய படம் பார்க்கும் திறன், இடம் அறியும் திறன் ஆகியவை நெருக்கடிக்கு ஆளாகின்றன.

இதில் காலம் ஒரு பெரிய விஷயம். மூளையின் முன்பகுதி பார்க்கும் வேலைகளான திட்டமிடுவது, பொறுத்திருப்பது, இரண்டு மூன்று விஷயங்களை ஒரே சமயத்தில் மனதில் வைத்துக்கொள்வது எதையும் 2 வயதுக் குழந்தையிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் அங்கே ஒரு குறை இருந்தாலும் 2 வயதில் தெரியாது. அஸ்திவாரத்தில் விட்ட பிசகு மாடி எழுப்பும்போது விரிசலாகத் தெரிவதுபோல, மூன்றாம் வகுப்பில், ஆறாம் வகுப்பில், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வாத்தியார் வரும்போது அது வெளியே வரும். அப்போது வீட்டில் யாருக்கும் பிரசவ நாள் நினைவுக்கு வராது. "சோம்பேறி", "கவனமே இல்லை", "செல்லம் கொடுத்துக் கெட்டுப்போச்சு" என்றுதான் பேச்சு வரும். பையன் அடி வாங்குவான். எனக்கு மனசு பொறுக்காத இடம் இதுதான். "பிறந்ததும் அழலைங்க, ரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க, அப்புறம் நல்லாயிட்டான்" என்ற ஒரு வரியை அந்த அம்மாவிடமிருந்து வாங்க, சில சமயம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது.

ஆக, ஆராய என்ன இருக்கிறது என்றால், இதுதான் இருக்கிறது: எந்தப் பாதிப்பு, எந்த வயதில் வந்தால், எத்தனையாவது வயதில், என்ன உருவத்தில் தலைகாட்டும்? எது உண்மையிலேயே சரியாகும், எது சரியானதுபோல் தோன்றும்?

லண்டனில் ஃபரானே வர்கா-காதெம் 1997இல் எழுதிய ஆய்வை உங்கள் மகள் படித்திருக்கக்கூடும். மூன்று பிள்ளைகள். மூவருக்கும் சின்ன வயதிலேயே நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் இரண்டு பக்கமும் சேதப்பட்டிருந்தது. காலையில் என்ன நடந்தது, யார் வந்தார்கள், பொருளை எங்கே வைத்தோம் எதுவும் அவர்களுக்கு நிற்காது. ஆனால் மூவரும் சாதாரணப் பள்ளியில் படித்தார்கள், எழுதப் படிக்கத் தெரிந்தது, பொது அறிவும் வயதுக்கு ஏற்ப ஓரளவு இருந்தது. நடந்ததை நினைவில் வைப்பதும் உலகத்தைப் பற்றிய அறிவைச் சேர்ப்பதும் ஓரளவு தனித்தனி வழிகள் என்பது அந்தப் பிள்ளைகளால்தான் தெளிவாகத் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. படம் ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருப்பதைத்தான் காட்டும். அந்தப் பிள்ளைக்கு வாழ்க்கை எப்படி இருக்கிறது என்பதைப் படம் காட்டாது. உட்கார்ந்து சோதித்து, அம்மாவிடம் கேட்டு, பள்ளிக்கூடத்தில் விசாரித்துத்தான் அது தெரியும். "டாக்டரும் இல்லை, டீச்சரும் இல்லை" என்று கேட்டீர்களே, அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடம்தான் எங்கள் வேலை. நரம்பியல் டாக்டர் வலிப்பை நிறுத்துவார், மருந்து தருவார். அந்த மூளையை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளை எப்படிப் பார்க்கிறது, கேட்கிறது, நினைவு வைக்கிறது, எங்கே தட்டுகிறது, எந்த வழியில் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்பதை நாங்கள் கண்டுபிடிப்போம்.

நம் ஊரிலேயே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். குறைமாதத்தில் பிறந்து தேறிய பையன், இப்போது இரண்டாம் வகுப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய வீடு. பட்டாலையில் ஓடி வருவான். ஓரத்தில் பூ டிசைன் முடிந்து கறுப்புக் கரை ஆரம்பிக்கும் இடத்தில் சட்டென்று நிற்பான். ஒரு காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்ப்பான், அப்புறம்தான் தாண்டுவான். அங்கே படி ஏதும் இல்லை, சமதரைதான். வாசலில் செம்மண்ணில் விட்டால் தயங்காமல் ஓடுகிறான். கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார், அதுவும் சரிதான். "பயந்த சுபாவம்" என்று அப்பத்தா சொன்னார்.

அது பயம் இல்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு மூளையின் உள்ளறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதி பாதிக்கப்படுவது உண்டு. கண்ணில் விழுந்த காட்சியைப் பிரித்து அறியும் பாதைகள் அதன் வழியாகத்தான் போகின்றன. தரையில் நிறம் மாறினால் அது கோடா, படியா, பள்ளமா என்று அந்த மூளையால் உடனே சொல்ல முடியாது. கால் வைக்கும் கீழ்ப்பக்கப் பார்வையும் குறைந்திருக்கலாம். கிளாஸ்கோவில் கார்டன் டட்டன் என்ற கண் மருத்துவர் இந்தக் குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பையனின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் கணக்கு எல்லாம் தப்பு. ஒன்றையும் ஒன்றையும் கூட்டத் தெரியாமல் இல்லை, பத்தாம் இடத்து எண்ணை ஒன்றாம் இடத்துக்குக் கீழே எழுதியிருந்தான். வாயால் கேட்டால் டக்கென்று சரியாகச் சொன்னான். ஒரு பக்கத்தில் நாலு கணக்குக்கு மேல் போடாதீர்கள், பெரிய கட்டம் போட்ட நோட்டு கொடுங்கள், பொம்மைகளை ஒரே பெட்டியில் குவிக்காமல் பரப்பி வையுங்கள், வெளியே போகும்போது உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். பள்ளியில் டீச்சர் அம்மாவும் ஒத்துழைத்தார். இது பெரிய சிகிச்சை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பையனை இனி யாரும் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுவதில்லை.

அவசரமாகக் கண்டுபிடிக்க வேண்டியவையும் இருக்கின்றன. 4 முதல் 7 மாதக் குழந்தை, தூங்கி எழும்போது தலையைத் தொங்கப்போட்டு, கையை விரித்து, உடம்பைக் குலுக்கிக் குலுக்கி அடுத்தடுத்துச் செய்தால், நம் பக்கம் "உரம் விழுந்திருக்கு", "திடுக்கிடுது", "வயித்து வலி" என்று சொல்லி உரம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது இளங்குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம். வில்லியம் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் 1841இல் தன் சொந்த மகனுக்கு வந்ததைப் பற்றி லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார், அதனால் அவர் பெயரே இந்த நோய்க்கு நின்றுவிட்டது. மருந்து தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் பிள்ளையின் அறிவு வளர்ச்சியைத் தின்கிறது. வீட்டில் யாராவது இப்படிப் பார்த்தால் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றைக்கே குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பிறவித் தைராய்டு குறைவும் இதே மாதிரிதான். சுமார் ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு இருக்கும். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கினால் அநேகமாக மூளை தப்பித்துவிடும்.

இதையெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்து எழுதிவிட்டார்களே, நம்மவர் செய்ய என்ன பாக்கி என்று தோன்றலாம். பிறந்ததும் அழாத, மூச்சுத்திணறிய குழந்தையை 6 மணி நேரத்துக்குள் குளிர்வித்து, உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்திருப்பது மேலை நாடுகளில் வழக்கமான சிகிச்சை. அங்கே அது உயிரையும் மூளையையும் காப்பாற்றுகிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 7 மருத்துவமனைகளில் 408 குழந்தைகளை வைத்து, சென்னையும் சேர்ந்து, ஹெலிக்ஸ் என்ற ஆய்வு நடந்தது. முடிவு 2021இல் வந்தது. குளிர்விப்பதால் இங்கே மரணமோ ஊனமோ குறையவில்லை, இறப்பு கூடத்தான் செய்தது. குழந்தைகளுக்கு ஒன்றரை வயது ஆகும்வரை காத்திருந்து வளர்ச்சியைச் சோதித்ததால்தான் இந்த முடிவைச் சொல்ல முடிந்தது. அந்தச் சோதனை எங்கள் துறையின் கருவி. நம் குழந்தைகளை நம்மவர் பார்க்காவிட்டால், வேறு ஊர்க் குழந்தைக்குத் தைத்த சட்டையைத்தான் மாட்டிக்கொண்டே இருப்போம்.

சோதனைக் கருவிகளின் நிலைமையும் அப்படித்தான். ஐ.க்யூ. பார்க்க இங்கே இன்னும் பினே-காமத், மாலின் சோதனைகள்தான் பல இடங்களில் புழங்குகின்றன. ஒரு வயதுக்கு இவ்வளவு மதிப்பெண் வர வேண்டும் என்று அவற்றில் போட்டிருக்கும் ஒப்பீட்டு அளவுகள் பல பத்தாண்டுகள் பழையவை. பழைய அளவுகோலால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து, அயர்லாந்தில் 1995இல் 26 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த எபிக்யூர் ஆய்வைப் பாருங்கள். 6 வயதில், சோதனையோடு அச்சிட்டு வந்த அளவுகளோடு ஒப்பிட்டபோது 21 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் அறிவுத்திறன் குறைபாடு. அதே குழந்தைகளை அதே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது 41 சதவீதம். குறைபாடு உள்ள பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேர் "சரியாக இருக்கிறார்கள்" என்று அனுப்பப்பட்டிருப்பார்கள். நம்மிடம் கிராமத்துத் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஏற்ற புது அளவுகள் வேண்டும், அதுவும் 5 வயது, 8 வயது, 12 வயது என்று. எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சாதாரணச் சோதனையிலேயே வித்தியாசம் வரும். எண்ணின் பெயர் நீளமாக இருந்தால் குறைவான எண்கள்தான் மனதில் தங்கும் என்று வேல்ஸ் மொழியும் ஆங்கிலமும் பேசுகிறவர்களை வைத்து 1980இலேயே காட்டியிருக்கிறார்கள். தமிழ் எண்களும் ஆங்கில எண்களை விட நீளம். பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் தேசிய நிறுவனமான நிம்ஹான்ஸ் 2004இல் குழந்தைகளுக்கென ஒரு நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பைத் தயாரித்தது. அது நல்ல தொடக்கம். மேலே கட்ட ஆள்தான் வேண்டும்.

சரி, படிப்பு. டாக்டர் படிப்பு தேவையில்லை. எம்.எஸ்சி.க்குப் பிறகு கிளினிக்கல் சைக்காலஜியில் ஆர்.சி.ஐ. என்னும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த தொழில்முறைப் பயிற்சி வேண்டும், அது முடித்தால்தான் பதிவு எண் கிடைக்கும். இத்தனை காலம் அது இரண்டு வருட எம்.ஃபில். ஆக இருந்தது. யு.ஜி.சி. எம்.ஃபில்.ஐ நிறுத்தியபோது இதற்கு மட்டும் 2025–26 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதனால் சேரும் வருடத்தில் எந்தப் படிப்பு செல்லும் என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஜெண்டு பேச்சை நம்பிப் பணம் கட்டிவிட வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் இடம் கிடைப்பது கடினம், கிடைத்தால் விடக்கூடாது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனத்தில், பல குறைபாடுகள் சேர்ந்து வரும் குழந்தைகளைத் தினமும் பார்க்கலாம். இந்த வேலைக்கு அது பொன்னான இடம். அதற்கு மேல் பிஎச்.டி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. 2023 முதல் இந்தத் தொகைதான். அமெரிக்கா போனால் பிஎச்.டி.க்குப் பின் இரண்டு வருட சிறப்புப் பயிற்சியும் உண்டு. ஆக, நிலைகொள்ள 30 வயது தாண்டும். இதை வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

பணம் அள்ளும் தொழில் இல்லை, ஆனால் குடும்பம் நடத்தலாம். மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், தனிக் கிளினிக் என்று இடம் இருக்கிறது. ஆள்தான் குறைவு. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றதிலிருந்து, கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கும் முறையான மதிப்பீடு தேவைப்படுகிறது.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்பீர்கள். மூளை பாதித்த குழந்தைகள் படிக்கவும் வாழவும் வழி சொல்கிற வேலை என்று சொல்லுங்கள், போதும்.

ஊரோடு இருந்து செய்ய முடியுமா? பயிற்சிக் காலத்துக்கு முடியாது. அதற்கு அப்புறம் முடியும் என்பது மட்டும் இல்லை, ஊரோடு இருப்பவர்தான் செய்ய முடியும் என்பேன். இந்த ஆராய்ச்சியில் மிகப் பெரிய நஷ்டம், குழந்தைகள் பாதியில் தொலைந்துபோவது. ஒரு வயதில் பார்த்த நூறு குழந்தைகளில் பத்து வயதில் பாதிப் பேர் வரவில்லை என்றால், வராதவர்கள்தான் மோசமாக இருந்தவர்களா என்று சொல்லவே முடியாது. வேலூர் சி.எம்.சி.யும் மைசூரும் பிறப்பிலிருந்து குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து இதைச் சாதித்திருக்கின்றன. செட்டிநாட்டில் யார் வீட்டுப் பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறது, முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எப்போது வரும், யார் யாருக்கு எந்தச் சொந்தத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் ஆச்சிமாருக்கு மனப்பாடம். நகரத்தாரின் ஒன்பது கோவில்களில், திருமணமான ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு புள்ளியாக எண்ணும் புள்ளிக் கணக்கே இருக்கிறது. சொந்தத்தில் திருமணம் அதிகமுள்ள பகுதியில் குடும்ப மரம் எழுதுவது எங்களுக்கு முதல் வேலை, அதைக் குறை சொல்லும் தொனி இல்லாமல் கேட்க உள்ளூர்ப் பெண்ணால்தான் முடியும்.

ஆனால் ஒன்று, அண்ணே. எந்தப் புள்ளியிலும் வராத வீடுகள் சாக்கோட்டை, கல்லல் பக்கத்து ஊர்களில் நிறைய இருக்கின்றன. பிறந்ததும் அழாத குழந்தைகளில் பெரும்பாலோர் அங்கேதான் இருப்பார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அந்த அம்மா உங்கள் மகளைப் பார்க்க வர வேண்டும். அந்த வீட்டுக்கு இவள் போக வேண்டும். கிராம சுகாதார செவிலியரோடு, அங்கன்வாடி டீச்சரோடு, குழந்தைகளின் குறையைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் டி.இ.ஐ.சி. என்னும் மாவட்ட இடையீட்டு மையத்தோடு சேர்ந்து வேலை செய்யத் தெரிய வேண்டும்.

இந்த மே மாத லீவில் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்து வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்டும் வரும் நாட்களில் அனுமதி கேட்டு உட்காரட்டும். எதையும் சோதிக்க வேண்டாம். குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடட்டும், அம்மாக்கள் பேசுவதைக் கேட்கட்டும். கூடவே புள்ளியியலைத் தள்ளிப்போடாமல் படிக்கட்டும். பிஎச்.டி.யில் பாதிப் பேர் திணறுவது அங்கேதான். ஒரு மாதம் கழித்தும் இதே வேலைதான் வேண்டும் என்றால், நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள், நானே பதில் போடுகிறேன்.